பங்கு வாங்கியவர்கள்

ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்த செய்தி வந்தால் நம் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "எல்லா ஆம்பளைங்களும் அப்படிக் கிடையாது." பொய்யில்லை. சட்டமும் அதையேதான் சொல்கிறது. செய்தவனைத்தான் கூண்டில் ஏற்றும். அவன் அண்ணன் தம்பிகளை ஏற்றாது. ஒருவன் செய்ததற்கு ஊரையே பழிப்பது நியாயமில்லை என்று நாம் வாதாடும்போது அதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதியைப் பேசாமலே கடந்து வந்துவிட்டோம். குற்றத்தைத் தனித்தனி ஆள் செய்கிறான். அதன் ஆதாயம் பொதுவில் வந்து சேர்கிறது. ஊரில் நாலு பேர் பெண்களைப் பயமுறுத்தி வைத்தால் போதும், இருட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, டீக்கடை வாசல், ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாம் மற்ற ஆண்களுக்குத் தானாக வந்துவிடுகின்றன. அங்கே உட்கார்ந்திருக்கும் நாம் யாரையும் விரட்டவில்லை. விரட்டப்பட்டவர்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். "நான் எதுவும் செய்யவில்லை" என்பது நம் தரப்பு வாதம். நம்மேல் உள்ள புகாரும் அதுதான்.

இதில் பெண்களுக்குப் புதுச் செய்தி ஏதும் இல்லை. ஆண்கள் தங்களுக்குள் முடிக்க வேண்டிய கணக்கு இது.

தமிழ்நாட்டில் அந்தக் கணக்கை வாச்சாத்தியில் தொடங்குவதுதான் முறை. தருமபுரி மாவட்டத்தில், அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி கிராமம். 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த 215 பேரில் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்றவர்கள் 17 பேர். மற்ற 198 பேரும் மற்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். பெண்கள் விஷயத்தில் "நான் தொடவில்லை" என்று அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லியிருக்க முடியும். ஆனால் அத்தனை பேர் சூழ்ந்து நின்றதால்தான் 17 பேருக்கு அந்தத் துணிச்சல் வந்தது. அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் அவர்கள் அலுவலகம் போனார்கள், சம்பளம் வாங்கினார்கள், சிலர் ஓய்வும் பெற்றார்கள். வழக்கைத் தூக்கிச் சுமந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்களும், மலைவாழ் மக்கள் சங்கமும், மார்க்சிஸ்ட் கட்சியும். மற்ற நாம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

வாச்சாத்தி மலையடிவாரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் நடந்தது என்று சமாதானம் சொல்லலாம். 2016இல் அந்தச் சமாதானமும் போயிற்று. அந்த ஆண்டு மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, சாதி மீறி மணந்துகொண்ட இருவரைப் பட்டப்பகலில் ஒரு கும்பல் வெட்டியது, கணவர் இறந்துபோனார். ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலையில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடைமேடையிலேயே கிடந்தது. அரிவாளைக் கண்டு பயந்து விலகியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வெறுங்கையோடு நிற்கும் மனிதன் பயப்படத்தான் செய்வான். ஆனால் அரிவாள் போன பிறகு, பத்திரமாக வீடு வந்து சேர்ந்த பிறகு, "அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் என்ன பழக்கமாம்?" என்று டீக்கடையிலும் அலுவலகத்திலும் விசாரித்தோமே, அதற்கு எந்தப் பயம் காரணம்? வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே அலைந்தால் கடைசி ரீலில் அவள் சம்மதித்துவிடுவாள் என்று படத்துக்குப் படம் காட்டியபோது விசில் அடித்ததும் நாம்தான்.

2019இல் பொள்ளாச்சி. பெண்களோடு பழகி அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிய கூட்டம் பிடிபட்டது. அடித்தவர்கள் எடுத்த காட்சி, பார்க்காதவர் இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. எப்படிப் பரவியது? நம் கைப்பேசிகள் வழியாகத்தான். "அநியாயம் பாருங்க" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியவர்கள் அதைக் கோபத்தின் கணக்கில் எழுதிக்கொண்டோம். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அதற்கு இடையிலேயே, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டார். அவருடைய அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. மறுபடியும் அதைத் திறந்து படித்தோம், சிலர் அனுப்பினோம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், "அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" என்று போட்டபோது, கட்டைவிரல் காட்டியவர்கள் சிலர், கண்டும் காணாததுபோல் இருந்தவர்கள் பலர். பள்ளி நண்பர்கள் குழு, எதற்கு வம்பு என்று விட்டோம். அந்தப் பேச்சில்லாமையை அவன் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான். அதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

இதெல்லாம் தெருவில் நடப்பது. ஆண்களின் ஆதாயம் மொத்தமாகக் கைமாறும் இடம் வேறு: சார்பதிவாளர் அலுவலகம்.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்தில் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சட்டமாக அறுபது வருடம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப்போல மகளுக்கும் பிறப்புரிமை வந்தது; அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005 சட்டம் வந்தபோது தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பிலேயே வந்தது என்று தெளிவாக்கியது. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தச் சட்டத்தை வீட்டுக்குள் நாம் என்ன செய்தோம்? அப்பா போய்க் கருமாதி முடிந்து சில மாதம் ஆனதும் பத்திர எழுத்தர் வீட்டுக்கு வருவார். அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு, சீக்கிரம் முடிந்துவிடும். யாரும் மிரட்டுவதில்லை. "உனக்குத்தான் நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, பிள்ளைப்பேறு பாத்தாச்சு. நாளைக்கு உன் பொண்ணுக்கு ஒண்ணுன்னா மாமன்னு நான்தானே வந்து நிக்கணும்?" என்று தம்பி கேட்பான். அவ்வளவு போதும். பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமோ என்ற பயத்தைவிடப் பெரிய வக்கீல் நம் தரப்பில் வேறு யாரும் இல்லை. அவள் கையெழுத்துப் போடுவாள். பத்திரத்தில், முழு மனதுடன், யாருடைய நிர்ப்பந்தமும் இன்றி என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மதியம் ஓட்டலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு அவளைப் பஸ் ஏற்றிவிடுவோம்.

நகை போட்டோம் என்கிறோமே, அது யாரிடம் போயிற்று? பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு அவசரத்துக்கு அடகுக் கடைக்கு. ரொக்கமாகக் கொடுத்தது மாப்பிள்ளையின் அண்ணன் தொழிலுக்கு. அதாவது அவள் பேரைச் சொல்லி அப்பாவிடமிருந்து புறப்பட்ட பணம் புருஷன் வீட்டு ஆண்களிடம் சேர்ந்தது. அதே பேரைச் சொல்லி நிலம் நம்மிடம் தங்கியது. இரண்டு பக்கமும் ஆண்கள் நிறைந்தோம். கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தொகை எதற்கு? பெரும்பாலும் அவளுடைய கல்யாணச் செலவுக்கும் வரதட்சணைக்கும். தன்னைக் கொடுப்பதற்கான விலையைத் தானே உழைத்துச் சேர்த்த சிறுமிகளின் அப்பாக்களும் அண்ணன்களும் வரதட்சணை எதிர்ப்புப் பேசாதவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் இன்னொரு வரவும் இருக்கிறது, அது நேரம். தேசிய அளவில் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்; அதில் ஈடுபடும் ஆண் 88 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நாம் இலக்கியக் கூட்டத்துக்குப் போகிறோம், சங்கம் நடத்துகிறோம், உடற்பயிற்சி செய்கிறோம், தேர்வுக்குப் படிக்கிறோம், பெண் விடுதலை பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய கணவனின் பேரில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னபோது பல ஆண்கள் அதைக் கேட்டுத் திகைத்தார்கள். மூன்று வேளையும் சாப்பிட்ட சோற்றுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதே நமக்குப் புதிதாக இருந்தது.

உடம்பிலும் கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன்மார்களில் அதைச் செய்துகொண்டவர்கள் 0.1 விழுக்காடு. ஆணுக்கான சிகிச்சையில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை; உணர்விழக்கும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1970களில் இந்தியாவில் இதுதான் அதிகம் நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் செய்தார்கள். அந்தக் கோபத்தில் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு சுமை மொத்தமும் பெண்களின் வயிற்றுக்கு மாறியது. ஆணுக்குச் செய்தால் வெகுண்டெழும் நாடு, பெண்ணுக்குச் செய்தால் அதைக் குடும்பநலம் என்று ஏற்றுக்கொள்ளும் என்பதை அரசு நன்றாகப் புரிந்துகொண்டது. "பாரம் தூக்க முடியாது, பலம் போயிடும்" என்ற கதையைப் படித்தவர்களும் சொல்கிறோம். பிரசவமும் சிசேரியனும் கண்டு, வயிற்றில் தையல் காயம் ஆறாத மனைவி, மறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறோம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்: தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். அத்தனை வீடுகளுக்கும் பக்கத்து வீடு உண்டு. சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவோம். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம தலையிடக் கூடாது" என்போம். 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவள் அங்கே போவதற்கு முன்பே மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர் என்று ஆண்கள் கூடி உட்கார்ந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று முடித்து அனுப்பிவிடுகிறோம். அடித்தவனிடம், "இனிமே பாத்து நடந்துக்கப்பா" என்று ஒரு வார்த்தை. அன்றிரவு அவள் எங்கே தூங்கினாள் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ் ஆண்கள் பெண் விடுதலை பேசாதவர்கள் இல்லை. மாதவையா எழுதினார், பாரதி எழுதினார், திரு.வி.க. தனி நூலே எழுதினார், பெரியார் கேள்வியை அடிமரம் வரை கொண்டுபோனார். இந்தப் பட்டியலைக் காட்டியே நாம் தப்பித்துக்கொண்டோம் என்பதுதான் வருத்தம். அவர்கள் திட்டியது நம்மை. நாமோ அந்தத் திட்டையும் நம் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். எல்லாக் கட்சியும் இந்தப் பெயர்களைச் சொல்லும் மாநிலத்தில், 2021 தேர்தலில் சட்டமன்றத்துக்கு வந்த 234 பேரில் பெண்கள் 12 பேர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததும், ஊராட்சித் தலைவரின் கணவர் 'தலைவர்' ஆனார். கூட்டத்தில் அவரே உட்கார்ந்தார், கையெழுத்துக்கு மட்டும் கோப்பு வீட்டுக்குப் போயிற்று. 2020இல் கடலூர் மாவட்டத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் அதை 'ஓசி' என்று கேலி செய்யத் தோன்றியது நமக்கு. அந்தப் பேருந்தில் ஏறிப் பூ விற்கவும் பாத்திரம் தேய்க்கவும் போகிறவள் ஓசியாக உழைத்த வருடங்களை எண்ணத் தோன்றவில்லை.

மறுப்புகள் உண்டு, அவற்றைத் தள்ளிவிட முடியாது. மாமியார் கொடுமை செய்வதில்லையா, அம்மாக்கள் மகனுக்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று பரிமாறுவதில்லையா? உண்டு. ஆனால் மாமியார் கொண்டுவரச் சொன்ன பவுன் யார் பேரில் நிற்கிறது என்று பார்த்தால் பாதை மறுபடி நம் வீட்டு வாசலுக்கே வரும். பொய் வழக்குகள் இல்லையா? இருக்கின்றன, அவற்றுக்கு நீதிமன்றம் இருக்கிறது. போடப்படாமலே போன வழக்குகளுக்கு எந்த மன்றமும் இல்லை.

கனமான மறுப்பு இன்னொன்று: எல்லா ஆண்களையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? கூடாது. வாச்சாத்தி ஆண்களும் அடிபட்டவர்கள்தான். அந்த மலையடிவாரத்து விவசாயியும் அவனை அடித்த அதிகாரியும் ஆண்கள் என்பதால் ஒன்றாகிவிட மாட்டார்கள். உடுமலைப்பேட்டையில் செத்தவனும் ஆண். சாதியும் பணமும் பதவியும் இருப்பவனுக்கு ஆதாயம் அதிகம், ஆகவே கடனும் அதிகம். படித்தவன், மேடை கிடைத்தவன், நிலம் உள்ளவன், கட்சியில் இடம் தருகிற கை உடையவன் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும். அன்றாடக் கூலிக்குப் போகிறவன் மனைவியை அடித்தால் அந்த அடி லேசாகிவிடாது. ஆனால் அவனைக் கைகாட்டிவிட்டு, குடித்துவிட்டு அடிப்பது கீழ்த்தட்டு ஆண்களின் பழக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகிறவன் பெரும்பாலும் குடிக்காதவன்.

சுயவிமர்சனம் என்று சொல்லி மார்பில் அடித்துக்கொள்வது எளிது. நாலு பேர் "என்ன பெரிய மனசு" என்று பாராட்டவும் செய்வார்கள். அதனால் பெண்களுக்கு ஒரு சல்லிக் காசு லாபமில்லை. வாங்கியதைத் திருப்பித் தருவதுதான் ஒப்புதலுக்கு அடையாளம். குழுவில் ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றிக் கேவலமாகப் போட்டால் அங்கேயே, எல்லோரும் பார்க்க, "இது தப்பு" என்று எழுத வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது அவனைக் காப்பாற்றுகிற வேலை. பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் கதவைத் தட்ட வேண்டும், 181க்கு அழைக்க வேண்டும். இரண்டு குழந்தை போதும் என்று முடிவானால் ஆஸ்பத்திரிக்கு நாம் போகலாம். கட்சியில் இருப்பவன் தன் தொகுதியை ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். கொள்கையின் கனம் அப்போது தெரியும்.

பிறகு அந்த நிலம். 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்திருந்தால் மகள்கள் இப்போது வந்து கேட்க முடியாது என்று 2005 சட்டம் சொல்கிறது. நம்மில் பலருக்கு அந்தத் தேதி மனப்பாடம். அப்படிப் பிரித்துவிட்ட வீடுகளில், 1989க்கு முன்னால் தாலி கட்டிப்போன அக்காக்கள் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். பிரிவினைப் பத்திரத்தில் பேர்கூட இல்லாதவர்கள், அல்லது கையெழுத்து மட்டும் போட்டவர்கள். எந்த நீதிமன்றமும் அவர்களுக்காக நம்மைக் கூப்பிடாது. சட்டம் நம்மை விட்டுவிட்ட இந்த இடத்தில்தான், நாம் செய்வது நம் மனதார என்று சொல்ல வழி இருக்கிறது. அக்கா பேரில் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவள் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும்.